உங்களுக்குத் தெரியுமா? பாகும் பசையும்

வீட்டில் இனிப்பு செய்து பார்ப்பவர்களும் கைவேலை செய்து பார்ப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். சனிக்கிழமை ஜாமூன் உருட்டிய கை ஞாயிற்றுக்கிழமை அட்டையும் கத்தரிக்கோலும் தேடும். இரண்டு வேலைக்கும் அடுப்பும் மைதாவும் உப்பும் பொது. ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுமே இன்னும் நன்றாகக் கைவரும். இந்த முறை அவர்களுக்கான துணுக்குகள்.

● பாகுக்குப் பதம் பார்ப்பது என்பது உண்மையில் அதில் மிச்சமிருக்கும் தண்ணீரை அளப்பதுதான். வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சர்க்கரை கரைந்த தண்ணீருக்கு அது போதாது. நீர் வற்ற வற்ற, கொதிக்கும் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். விரல்களுக்கு நடுவே கம்பி இழுக்கும்போது ஏறத்தாழ 105 முதல் 112 டிகிரி. அதிரசத்துக்குப் பார்ப்பதுபோலத் தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வருவது 112 முதல் 116. கடலை மிட்டாய்க்கு, தட்டில் போட்டால் ‘டங்’கென்று ஒலிக்க வேண்டுமே, அது கிட்டத்தட்ட 150. உருட்டுப் பதத்தில் பாகின் எடையில் சுமார் 85 சதவீதம் சர்க்கரை. கல்போல இறுகும் பதத்தில் சுமார் 99 சதவீதம். கம்பிப் பதத்துக்கும் உருட்டுப் பதத்துக்கும் நடுவில் வற்ற வேண்டிய தண்ணீர் மிகக் கொஞ்சம். பாகு கடைசி நிமிடத்தில் கைமீறிப் போவது அதனால்தான். கம்பி வரத் தொடங்கியதும் தீயைக் குறைத்துவிடுங்கள். அப்புறம் உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். சமையல் வெப்பமானி வாங்க முடிந்தால் வாங்கலாம். ஆனால் பாட்டிமார்களின் விரலும் கிண்ணத்துத் தண்ணீரும் அதே அளவைத்தான் காட்டுகின்றன. அது கைப்பழக்கமாக வந்த அறிவியல். நம் வீடுகளில் அதற்குரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

● ஜாமூன் ஜீராவில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவது ருசிக்காக மட்டுமல்ல. புளிப்பு சேர்ந்து கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைகிறது. இந்த இரண்டும் நடுவில் புகுந்துகொள்வதால், மீதிச் சர்க்கரை ஒன்றுகூடிக் கற்கண்டாக இறுக முடிவதில்லை. ஜீரா பூத்துப்போகாமல் தெளிவாக நிற்கும்.

● வெல்லப் பாயசம் திரிந்துபோகக் காரணம், வெல்லத்தில் இருக்கும் லேசான அமிலத்தன்மை. பால் கொதித்துக்கொண்டிருக்கும்போது சேர்த்தால் அபாயம் அதிகம். அடுப்பை அணைத்து, பால் சற்று ஆறியபின், கரைத்து வடிகட்டிய வெல்லத்தை விடுங்கள்.

● உலகமெங்கும் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாவை வளர்க்க உதவும் பொருள், ஓர் இல்லத்தரசியின் இனிப்புக் கிண்ணத்திலிருந்து போனது. நோன்பு மாதத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, துண்டு போடுவார்களே, அதே கடல்பாசிதான். 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் வேலை செய்தார். கிருமிகளை வளர்க்க அவர்கள் பயன்படுத்திய ஜெலட்டின் வெயில் காலத்தில் உருகி ஓடியது. போதாததற்கு, சில கிருமிகள் அதையே கரைத்துவிட்டன. அவருடைய மனைவி ஃபான்னி ஹெஸ்ஸே, தான் ஜெல்லிக்கும் புட்டிங்குக்கும் பயன்படுத்தும் கடல்பாசியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. கடல்பாசி கரைய ஏறத்தாழ 85 டிகிரி சூடு வேண்டும். ஆனால் 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுகிவிடும். சித்திரை வெயிலில் குளிர்பெட்டி இல்லாமலே கட்டியாக நிற்கும் இனிப்பு வேண்டுமென்றால் இதைவிட நல்ல பொருள் கிடையாது. ராமநாதபுரம் கடற்கரையில் மன்னார் வளைகுடாவில் மூழ்கி இந்தப் பாசியைச் சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடையில் பாக்கெட்டை எடுக்கும்போது அவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

● பச்சை அன்னாசித் துண்டு போட்டால் ஜெலட்டின் ஜெல்லி இறுகவே இறுகாது. அன்னாசியில் இருக்கும் ப்ரோமிலைன் என்ற நொதி, ஜெலட்டினின் புரதத்தை அறுத்துவிடும். பப்பாளியும் அப்படியே. பழத்தை ஒரு கொதி விட்டுப் போட்டால் நொதி செயலிழந்துவிடும். கடல்பாசியில் புரதத்தின் வேலை இல்லாததால் இந்தச் சிக்கலும் இல்லை.

● கஸ்டர்டு பவுடர், பேக்கிங் பவுடர் இரண்டையும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் தன் மனைவிக்காகச் செய்தார். மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. கஸ்டர்டு என்பதே முட்டையில் செய்வது. ஆகவே 1837இல் சோளமாவை வைத்து முட்டையில்லாக் கஸ்டர்டு செய்தார். ஈஸ்டும் எலிசபெத்துக்கு ஆகவில்லை. 1843இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்ப ஒரு பவுடர் வந்தது. முட்டை சாப்பிடாத நம் வீடுகளில் ஃப்ரூட் கஸ்டர்டு இத்தனை எளிதாகக் குடியேறியதற்கு அந்தத் தம்பதிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சோடா உப்புக்கும் பேக்கிங் பவுடருக்கும் உள்ள வித்தியாசம் புளிப்பில் இருக்கிறது. சோடா உப்பு பொங்க வேண்டுமானால் தயிரோ எலுமிச்சையோ வெல்லமோ, ஏதாவது ஒரு புளிப்பு கூட வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்புப் பொருளும் உலர்ந்த நிலையில் உள்ளேயே இருக்கிறது. பழையதாகிவிட்டதா என்று பார்க்க ஒரு ஸ்பூன் பவுடரில் வெந்நீர் விடுங்கள். நுரைத்துப் பொங்காவிட்டால் கேக்கும் எழும்பாது.

● ஓவன் இல்லாத வீட்டில் கேக் செய்ய வேண்டியது சுற்றிலும் சீரான உலர்ந்த சூடு, அவ்வளவுதான். கனமான பாத்திரத்தின் அடியில் கல் உப்போ மணலோ பரப்பி, மேலே ஒரு வளையம், அதன்மேல் கேக் தட்டு, பிறகு மூடி. பத்து நிமிடம் முன்கூட்டியே சூடேற்றியபின் தட்டை வைக்க வேண்டும். உப்பு சூட்டை வாங்கி மெல்ல மெல்லக் கொடுக்கும்; அடி தீயாது. குக்கரில் செய்வதானால் கேஸ்கட்டும் வெயிட்டும் கட்டாயம் கழற்றப்பட்டிருக்க வேண்டும். தண்ணீரில்லாமல் சூடேற்றக்கூடாது என்று உங்கள் குக்கர் கையேட்டில் இருந்தால் கனமான பழைய வாணலியே போதும். உப்பைக் கொட்டிவிடாதீர்கள்; ஆறியதும் டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த கேக்குக்கும் ஆகும்.

● சாக்லேட்டின் மேல் வெள்ளைப் படலம் படிந்தால் அது பூஞ்சை என்று பலர் தூக்கிப்போடுகிறார்கள். பெரும்பாலும் அது உருகி மீண்டும் உறைந்த கோகோ கொழுப்பு. தாராளமாகச் சாப்பிடலாம், மறுபடி உருக்கி வேறு இனிப்பும் செய்யலாம். உருக்கும்போது மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழக்கூடாது. விழுந்தால் சாக்லேட் திரண்டு கெட்டியாகிவிடும்.

● ஐஸ்கட்டியில் உப்பைச் சேர்த்தால் அதன் குளிர் மைனஸ் 21 டிகிரி வரைகூடப் போகும். பாலைச் சுற்றி இப்படி உப்புப் போட்ட ஐஸை நிரப்பி, கையால் சுற்றி ஐஸ்கிரீம் செய்யும் கருவிக்கு 1843இல் காப்புரிமை பெற்றவர் நான்சி ஜான்சன் என்ற அமெரிக்கப் பெண். குழந்தைகளோடு இதைச் செய்து பார்க்கக் கருவிகூட வேண்டாம். பாலும் சர்க்கரையும் எசென்ஸும் சின்ன ஜிப் பையில்; அதை ஐஸும் கல் உப்பும் நிறைந்த பெரிய பையில் வைத்து, துண்டால் சுற்றி, பத்து நிமிடம் குலுக்கினால் ஐஸ்கிரீம். அந்தக் காலத்தில் சென்னைக்கு ஐஸ் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், மெரினா எதிரே உள்ள ஐஸ் ஹவுஸுக்கு அழைத்துப் போங்கள். அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, கப்பலேற்றிக் கொண்டுவந்து சேமிக்க 1842இல் கட்டியது அது. இன்று விவேகானந்தர் இல்லம்.

● குச்சி ஐஸும் ஒரு சிறுவனின் கைவரிசைதான். 1905இல், கலிபோர்னியாவில் 11 வயது ஃப்ராங்க் எப்பர்சன், சோடாப் பொடி கலக்கிய கிளாஸைக் கலக்குக் குச்சியோடு இரவு வாசலில் விட்டுவிட்டான். காலையில் குச்சியைப் பிடித்து இழுத்தால் உறைந்த பானம் முழுசாக வந்தது. பெரியவனாகி 1924இல் காப்புரிமை வாங்கினான். அந்தக் குச்சியைத்தான் இப்போது ஐஸ் இல்லாமலேயே கட்டுக் கட்டாக வாங்கி விளக்கும் புகைப்படச் சட்டமும் செய்கிறோம்.

● கஸ்டர்டு கெட்டியாவதும் மைதாப் பசை கெட்டியாவதும் ஒரே நிகழ்ச்சி. மாவுச்சத்துத் துகள்கள் ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரியில் தண்ணீரைக் குடித்து ஊதிப் பருக்கின்றன. எனவே இரண்டுக்கும் ஒரே விதி: மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்த பின்புதான் சூடு. வெந்நீரில் நேரே கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே மாவு மாவாகக் கட்டி தட்டும். காகிதக் கூழ் பொம்மைக்கும் பழைய புத்தகம் ஒட்டவும் இந்தப் பசையே மேல். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பது பைண்டிங் கடைகளில் வழக்கம். அது விஷம் என்பதால் குழந்தைகள் கை வைக்கும் வேலைக்கு வேண்டாம். அன்றன்று கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்வதே நல்லது.

● குழந்தைகள் உருட்டி விளையாடும் ‘ப்ளே டோ’ களிமண், முதலில் சுவர்க்காகிதத்தில் படிந்த கரியைத் துடைக்கும் பொருளாக அமெரிக்காவின் சின்சினாட்டியில் விற்றது. வீடுகளில் கரி அடுப்பு ஒழிந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. கே சுஃபால் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பொம்மை செய்ய வைத்தார். 1956இல் அது பொம்மைக் களிமண்ணாகவே கடைக்கு வந்தது. வீட்டில் செய்ய, இரண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு உப்பு, கொஞ்சம் எண்ணெய், தண்ணீர், சமையல் வண்ணம். உப்பு அதிகம் போடுவது பூஞ்சை பிடிக்காமலிருக்க. நாய் வளர்ப்பவர்கள் அதை எட்டாத உயரத்தில் வையுங்கள். அவ்வளவு உப்பு நாய்க்கு ஆபத்து.

● சாம்பார்க் கறை படிந்த சட்டையில் சோப்புப் போட்டதும் சிவப்பாகிறதே, அதை ஓவியமாக்கலாம். மஞ்சள் தண்ணீரில் தாளை நனைத்து உலர்த்துங்கள். சோப்புத் தண்ணீரிலோ சுண்ணாம்புத் தண்ணீரிலோ தூரிகையைத் தொட்டு எழுதினால் செவ்வெழுத்து. மேலே எலுமிச்சைச் சாறு தடவினால் மறுபடி மஞ்சள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும். ஆரத்தித் தட்டில் காண்பதும் இதையேதான்.

● வெங்காயச் சருகை வேகவைத்த நீரில் துணிக்கு அழகான பொன்னிறம் ஏறும். ஆனால் நிற்க வேண்டுமே! அதற்குப் படிகாரம். சாயத்துக்கும் நூலுக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைப்பது அதிலுள்ள அலுமினியம். பருத்தி மட்டும் படிகாரத்தை எளிதில் ஏற்காது. அதனால் கலம்காரி செய்பவர்கள் துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்துவிடுகிறார்கள். இந்த ஒரு படியை விட்டுவிடுபவர்களின் சாயம் முதல் துவைப்பிலேயே போய்விடும்.

● தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்க, வளைந்த அடியும் அங்கே சேர்ந்திருக்கும் எடையுமே காரணம். முட்டை ஓட்டின் அடியில் கொஞ்சம் களிமண்ணை அழுத்தி, மேலே காகிதத் தலைப்பாகை ஒட்டினால் கொலுவுக்கு ஒரு குட்டி ராஜா தயார்.

● நெல்லிக்காய்க் கூடை, பிஸ்கட் கூடை, சிவன் கண் கூடை. இவை ஒயர் கூடையில் போடும் முடிச்சுகளின் பெயர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. இந்தக் கூடைக்கு அதைவிட நல்ல சிபாரிசு வேண்டாம். ஒரு கூடை பல வருடம் உழைக்கும். பின்னத் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். போய்க் கேளுங்கள், ஆசையாகச் சொல்லித் தருவார்.

● இரண்டு எச்சரிக்கைகள். சூப்பர் க்ளூ சிந்தினால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தி பட்டால் அந்தப் பசை சட்டென்று இறுகும். எழும் சூடு தோலைச் சுடும். இன்னொன்று, ப்ளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீர் சேர்ந்து இறுகும்போது அதுவும் சூடாகும். கெட்டியாக ஊற்றினால் 60 டிகிரியையும் தாண்டும். குழந்தையின் கையை அதற்குள் புதைத்து அச்சு எடுப்பது ஒருபோதும் கூடாது. பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் பொடி கிடைக்கிறது. அதில் முதலில் கை அச்செடுத்து, கையை எடுத்தபின் ப்ளாஸ்டரை ஊற்றுங்கள்.

● கடைசியாக, காகித மடிப்பு. ஜப்பானியர் கலையான ஒரிகாமியைப் பற்றிக் கேள்விப்பட்ட அளவுக்கு, நம் சுந்தர ராவைப் பற்றி நாம் கேள்விப்பட்டதில்லை. 1893இல் சென்னையில் வெளியான அவருடைய ஆங்கில நூல், அளவுகோலும் காம்பஸும் இல்லாமல் தாளை மடித்தே வடிவியல் கற்பிக்கிறது. மழலையர் பள்ளிக்கான காகித மடிப்புப் பயிற்சிப் பொருளிலிருந்து வந்த யோசனை என்று அவரே முன்னுரையில் எழுதினார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் புத்தகத்தில் இதைக் குறிப்பிட, 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. இன்று இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

அந்த வழியில் ஒன்று செய்து பாருங்கள். சதுரத் தாளின் இடது ஓரத்தை வலது ஓரத்தோடு சேர்த்து மடித்து விரித்தால் நடுவில் நெடுங்கோடு விழும். இப்போது கீழ் இடது மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் வலது மூலையைத் தூக்கி அந்தக் கோட்டின்மேல் தொடும்படி வையுங்கள். தொட்ட இடத்தில் புள்ளி. அந்தப் புள்ளியையும் கீழ் இரு மூலைகளையும் சேர்த்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் தாளை அதனிடம் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள்; அளவுகோலை அப்புறம் கொடுங்கள், அதுவே அளந்து பார்த்துக்கொள்ளட்டும்.