அம்மாவின் தாயமும் மந்திரவாதியின் இருபதும்

"தாயம்! தாயம் வுழுந்துச்சுடா!" என்று அம்மா கைதட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த நான்கு பையன்களும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இருபது முகம் கொண்ட பச்சைப் பகடையில் விழுந்திருந்தது ஒன்று.

"ஆயா, இதுல ஒண்ணு வுழுந்தா அவ்ளோதான். மந்திரம் பலிக்காது," என்றான் என் அண்ணன் மகன்.

"ஒண்ணு வுழுந்தா பலிக்காதா? இன்னாடா ஆட்டம் இது?"

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. லாஞ்சுக்கு டீசல், ஐஸ் கணக்கு எழுதும் எனக்கும் வேலை குறைவு. சாயங்காலமானால் மொட்டை மாடிதான். அங்கே ஒரு மூலையில் அம்மாவின் தாயக்கட்டம். மறு மூலையில் கல்லூரிப் பையன்களின் 'டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அன்றைக்கு ஓர் ஆள் குறைந்ததால் அம்மாவை மந்திரவாதியாக உட்காரவைத்துவிட்டார்கள்.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ஆட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருளும். பையன்கள் ஆடுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்து. அதில் மந்திரப் பகுதிதான் புதிதாக வருகிறவர்களைக் குழப்புகிறது. எனக்கு அது அம்மாவின் தாயக்கட்டை வழியாகத்தான் புரிந்தது.

தாயத்தில் இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டும் சேர்ந்து பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம் இரண்டே விதம், ஒரு கட்டையில் ஒன்று, மற்றதில் வெறுமை. எட்டு முறை உருட்டினால் சராசரியாக ஒரு முறை. அது விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு பதினாறில் ஒரு முறைதான், ஆறும் அப்படியே. மூன்றுதான் அதிகம், பதினாறில் நான்கு முறை. அம்மா இதை எண்ணிப் படித்தவள் இல்லை. ஆனால் வெட்டுக்கு மூன்று தேவைப்படும் இடத்தில் காயை நிறுத்தினால் எவ்வளவு ஆபத்து என்று அவளுக்குத் தெரியும்.

இருபது முகப் பகடை வேறு ஜாதி. ஒன்றும் பத்தும் இருபதும் சமம், ஒவ்வொன்றும் நூற்றுக்கு ஐந்து. எந்த எண்ணும் அதிகம் விழாததால், பாத்திரத்தின் திறமையை ஓர் எண்ணாக அதோடு கூட்டுகிறார்கள். அம்மாவின் மந்திரவாதி ஐந்தாம் நிலை. பயிற்சிக்கு 3, அறிவுக்கு 4, ஆக 7.

இங்கே பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பகடை யார் கையில்?

தீக்கணை எறிந்தால் எறிகிறவள் உருட்டுவாள். எதிரே நிற்கும் அரக்கனின் கவச எண் 15 என்றால், விழுந்ததோடு 7-ஐக் கூட்டி 15 வர வேண்டும். எட்டு விழுந்தால் போதும், நூற்றுக்கு 65 வாய்ப்பு. தாயத்தைவிட எத்தனையோ மடங்கு கருணை. ஆனால் வெறும் ஒன்று விழுந்தால், எதைக் கூட்டினாலும் தப்பியது தப்பியதுதான்.

தீயுருண்டை வீசினால் உருட்ட வேண்டியவன் அரக்கன். அவன் தொட வேண்டிய எண் மந்திரவாதியின் பலம்: 8-உடன் அந்த 7, மொத்தம் 15. அரக்கன் தன் சுறுசுறுப்பைக் கூட்டி 15 தொட்டால் பாதி அடி, தொடாவிட்டால் முழு அடி. மாயக்கணை என்று மூன்றாவது வகையும் உண்டு. அது குறி தப்பாது, அடி எவ்வளவு என்பதற்கு மட்டும் நான்கு முகக் கூம்புப் பகடை. அதைக் கையில் எடுத்த அம்மா, "இது உருளவே உருளாதே" என்று கீழே வைத்துவிட்டாள்.

சில மந்திரங்களைப் போட்டபின் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் அடிபட்டால் உடல் வலுவைக் கூட்டி உருட்டி, பத்தையோ பட்ட அடியில் பாதியையோ, எது பெரிதோ அதைத் தொட வேண்டும். இல்லையென்றால் பிடி நழுவும். அலையில் சுக்கானைப் பிடிக்கிறவருக்கு இந்த விதியை விளக்கவே வேண்டாம்.

எனக்கு மனதுக்கு நெருங்கியது மந்திர இருப்பு. ஐந்தாம் நிலைக்காரிக்கு ஒரு நாளைக்கு முதல் படி மந்திரம் நான்கு, இரண்டாம் படி மூன்று, மூன்றாம் படி இரண்டு. தீயுருண்டை மூன்றாம் படி, ஆக இரண்டே தடவை. பட்டாலும் படாவிட்டாலும் செலவு செலவுதான், நீண்ட ஓய்வுக்குப் பிறகே முழுதாக நிரம்பும். லாஞ்சில் ஏற்றிய டீசலும் இப்படித்தான். மீன் கிடைக்கவில்லை என்று டீசல் திரும்பி வராது. எந்த இடத்தில் வலையை இறக்குவது என்று லாஞ்சை ஓட்டும் ஸ்ராங்கு யோசிக்கும் யோசனைதான் மந்திரவாதியின் யோசனையும்.

பகடை உருளும்போதெல்லாம் நளன் கதை நினைவுக்கு வரும். அதில் எனக்குப் பிடித்த இடம், அவன் நாட்டைத் தோற்ற சூதாட்டம் அல்ல. தேரில் போகும்போது மன்னன் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் காய்களை எண்ணிச் சொல்லிவிடுகிறான். அந்த வித்தையை நளன் கற்றுக்கொண்ட பிறகே சூதில் வெல்கிறான். தான்றிக்காயையே பகடையாக உருட்டிய காலம் ஒன்று இருந்தது. எண்ணத் தெரிவதும் உருட்டத் தெரிவதும் ஒரே கல்வி என்று அந்தக் கதை சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது.

இருட்டும் நேரத்தில் அம்மாவிடம் ஒரு தீயுருண்டை மிச்சம். அரக்கனிடம் 16 உயிர்ப்புள்ளி மிச்சம். தீயுருண்டைக்கு ஆறு முகப் பகடை எட்டு. சராசரி 28 வரும். எட்டையும் உள்ளங்கையில் குலுக்கி, தாயக்கட்டையை உருட்டுகிற மாதிரி தேய்த்துப் போட்டாள். கூட்டினால் 31. பையன்கள் எழுந்தே விட்டார்கள்.

கதை நடத்தும் பையன் அரக்கனுக்காக உருட்டினான். 14. சுறுசுறுப்பு 2, மொத்தம் 16. தப்பிவிட்டான், பாதி அடிதான்.

"முப்பத்தொண்ணுல பாதி பதினஞ்சரை," என்றாள் அம்மா உடனே. முப்பது வருஷம் ஏலத்தில் மீன் எடுத்து விற்றவள்.

"பதினஞ்சு ஆயா. அரைய வுட்டுடணும். அதான் ரூல்."

"அரை எங்கடா போச்சு?"

யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா விரலை மடக்கி எண்ணினாள். "அப்ப அவனுக்கு ஒண்ணு பாக்கி."

"ஆமா ஆயா."

"தாயம் அவனாண்ட கீது," என்றாள். பச்சைப் பகடை அரக்கனின் கைக்குப் போனது.