அதிவேகப் பாதை வந்தது. புறக்கோட்டைக்கு என்ன வந்தது?

"ரோடு வந்தால் வியாபாரம் வரும்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. மலையகத்துச் சிறு பட்டணங்களில் கடை வைத்திருக்கும் நாம் இதை நம்பித்தான் காலாகாலமாக மகஜர் எழுதி வருகிறோம். ஆனால் இது பாதி உண்மை. வியாபாரத்தைக் கொண்டு வருகின்ற அதே ரோடு, அதைக் கொண்டு போகவும் செய்யும். நமது வாசலில் லொறி நிற்குமா, நம்மைத் தாண்டிப் போகுமா என்பதே கேள்வி. இந்தக் கேள்வி இன்று கொழும்பின் முன்னால், குறிப்பாகப் புறக்கோட்டையின் முன்னால் பெரிதாக எழுந்து நிற்கிறது.

அக்கரப்பத்தனையில் இருந்துகொண்டு கொழும்பைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நமது கடையில் இருக்கும் பருப்பு, சீனி, கருவாடு முதல் துணிமணி, ஆணி வரை பெரும்பாலானவை புறக்கோட்டை வழியாக வந்தவையே. அங்கே விலை அசைந்தால் இங்கே நமது கடன் கொப்பி அசைகிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாநகர எல்லைக்குள் 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். 2012இல் அது சுமார் 5 இலட்சத்து 61 ஆயிரமாகக் குறைந்தது. அதே காலத்தில் பக்கத்துக் கம்பஹா மாவட்டம் 20 இலட்சத்து 60 ஆயிரத்திலிருந்து 23 இலட்சமாக வளர்ந்தது. 2024 மதிப்பீட்டில் கம்பஹா 24 இலட்சத்தைத் தாண்டி, கொழும்பு மாவட்டத்தையும் முந்திவிட்டது. நாடு பெருக, தலைநகரின் நடுப்பகுதி மட்டும் சுருங்கியிருக்கிறது. நகரத்தில் காணி விலை ஏற ஏற மக்கள் வத்தளை, கடவத்தை, கடுவலை, மஹரகம, நுகேகொடை என்று வெளியே போனார்கள். 1982இல் பாராளுமன்றமே கோட்டைக்குப் போனது. அதன் பின் பல அமைச்சுகளும் திணைக்களங்களும் பத்தரமுல்லைப் பக்கம் போயின. ஆட்கள் போன இடத்துக்குக் கடைகளும் போகும். பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் உடுப்பெடுக்கப் பிரதான வீதிக்கு வந்த குடும்பங்கள் இன்று நுகேகொடையிலும் மஹரகமவிலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகின்றன.

இதற்கு மேலே வந்தவை அதிவேகப் பாதைகள். 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. 2013 ஒக்டோபரில் கட்டுநாயக்கப் பாதை வந்தது. நகரைச் சுற்றி வளைத்துப் போகும் வெளிச்சுற்று வட்டப் பாதை, கொட்டாவையில் தொடங்கி கடுவலை, கடவத்தை வழியாகக் கெரவலப்பிட்டிய வரை 2014க்கும் 2019க்கும் இடையில் படிப்படியாக முடிந்தது. மாத்தறையில் ஏறும் ஒருவர் இன்று கொழும்பு மண்ணை மிதிக்காமலேயே கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகலாம்.

பயணிக்கு இது நல்ல காரியம். நகரத்துக்கு இதில் இரண்டு பக்கம் உண்டு. ஊடே போகும் வாகனம் குறைவது ஒரு நன்மை. ஆனால் வெளியே குடியேறியவர்கள் தினமும் வேலைக்கு நகரத்துக்குள்ளேதான் வருகிறார்கள். காலியிலிருந்து கொட்டாவைக்கு ஒரு மணித்தியாலத்தில் வந்து சேர்பவர், அங்கிருந்து கோட்டைப் புகையிரத நிலையத்துக்குப் போக, நெரிசல் நேரத்தில், ஏறக்குறைய அதே நேரத்தைச் செலவழிக்கிறார். இரவு தூங்குவதும் வரி கட்டுவதும் ஒரு சபையின் எல்லையில். பகலில் வீதியையும் குப்பை வண்டியையும் பாவிப்பது இன்னொரு சபையின் எல்லையில். நகரத்துக்குச் செலவு மிச்சம், வரவு குறைவு. கடை நடத்துபவருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

இனி நமது விடயத்துக்கு வருவோம். புறக்கோட்டையின் பலம் எது? மலிவு மட்டும் என்றால் அது என்றோ முடிந்திருக்கும். அதன் பலம் நெருக்கம். நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் பருப்பும், கெய்சர் வீதியில் துணியும் ஃபேன்சிச் சாமானும், பழைய சோனகர் தெருவில் இரும்புச் சாமானும், செட்டியார் தெருவில் நகையும். ஒரு நாள் நடையில் நான்கு தொழிலுக்கான கொள்வனவு முடியும். பத்துக் கடையில் விலை கேட்க அரை மணித்தியாலம் போதும்.

நமது ஊர் லொறிகள் இந்த நெருக்கத்தை நம்பியே ஓடின. லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு ஏற்றிய லொறி இரவு புறப்படும். லிந்துலை, தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை என்று இறங்கி, சுபஹுக்கு முன்னே மெனிங் சந்தையில் நிற்கும். மரக்கறியை இறக்கிய கையோடு, பக்கத்துத் தெருக்களில் நாட்டாமிமார் சாமான் ஏற்றுவார்கள். அவர்களிலும் நமது தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! லொறி வெறுமையாகத் திரும்பாது. போகும் கூலியை மரக்கறி கொடுத்துவிடும். வரும் கூலி மலிவாக முடியும். அக்கரப்பத்தனைக் கடையில் ஒரு கிலோ சீனி நியாய விலைக்கு விற்கப்பட்டதென்றால் அதில் கரட் மூட்டைக்கும் பங்கு இருந்தது.

அந்த முடிச்சு இரண்டு இடத்தில் அவிழ்ந்தது. 1999இல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டதும் மலையக மரக்கறியில் ஒரு பங்கு அந்தப் பக்கம் திரும்பியது. பின்னர் மெனிங் சந்தையே நகரத்துக்கு வெளியே களனி கங்கைக்கு அப்பால் பேலியகொடைக்குப் போனது. புதிய கட்டடம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. இடம் விசாலம், அதிவேகப் பாதையும் பக்கத்தில். 2021 நவம்பரில் புதிய களனிப் பாலமும் வந்தது. மாற்ற வேண்டிய காரணங்கள் இருந்தன. பழைய இடத்தின் நெரிசலையும் சேற்றையும் கண்டவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் லொறிக்கு இப்போது இரண்டு இடத்தில் வேலை. பேலியகொடையில் இறக்கி, பின் பகல் நெரிசலில் புறக்கோட்டைக்குள் நுழைந்து, நிறுத்த இடம் தேட வேண்டும். சாரதி யோசிக்கிறார், வெறும் லொறியாகவே திரும்புகிறார், அல்லது வழியில் ஒரு களஞ்சியத்தில் கிடைத்ததை ஏற்றிக்கொள்கிறார். மரக்கறி வியாபாரி மட்டுமே இடம் மாறினார். பருப்புக் கடைக்காரருக்கும் துணிக் கடைக்காரருக்கும் வந்த கூட்டமும் அவரோடு போய்விட்டது.

இதைச் சென்னை நமக்கு முன்பே பார்த்தது. ஜோர்ஜ் டவுனில் இருந்த கொத்தவால் சாவடிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. அன்று அது நகரத்தின் ஓரம். 2002இல் பஸ் நிலையமும் அங்கே வந்தது. நகரம் வளர்ந்து கோயம்பேட்டையும் விழுங்கியதும் நெரிசல் அங்கேயும் வந்து சேர்ந்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் இன்னொரு பஸ் நிலையம் திறக்க வேண்டியதாயிற்று. வெளியே கொண்டுபோவதால் மட்டும் நெரிசல் தீர்வதில்லை; சில காலம் தள்ளிப்போகிறது.

அப்படியானால் புறக்கோட்டை முடிந்துவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. பாதையோரக் களஞ்சியம் காசுக்குச் சாமான் தரும். முகம் பார்த்துக் கடன் தராது. நமது தொழில் கடனில் நிற்கிறது. தோட்டத்துக் குடும்பம் சம்பள நாள் வரை நம்மிடம் எழுதி வாங்குகிறது. நாம் மொத்த வியாபாரியிடம் எழுதி வாங்குகிறோம். இந்தச் சங்கிலியின் மேல் கண்ணி புறக்கோட்டையில் இருக்கிறது. 2022 நெருக்கடியில் 'காசு வைத்தால் சாமான்' என்ற பேச்சு எங்கும் வந்தபோது, லயத்து அடுப்பு வரை அது எப்படிச் சுட்டது என்பதை நாம் கண்டோம். மேல் கண்ணி அறுந்தால், கடைக்காரர் கடையை மூடுவதற்கு முன்பே தோட்டத்துப் பிள்ளையின் பால்மா நின்றுவிடும்.

ஆகவே, வியாபாரச் சகோதரர்களே, மூன்று விடயங்களை யோசியுங்கள். ஒன்று, வழியில் ஐந்து ரூபாய் மலிவு என்பதற்காகப் பழைய மொத்தக் கடைக் கணக்கை அறுக்காதீர்கள். வரவும் கொடுப்பும் ஒழுங்காக இருந்தால் அந்தக் கணக்கே உங்கள் முதல். இரண்டு, தனித்தனி லொறி விடும் காலம் போய்விட்டது. பட்டணத்துக் கடைகள் ஐந்தாறு சேர்ந்து ஒரே நாளில் ஓடர் கொடுத்து, மரக்கறி லொறியின் திரும்பும் பயணத்தைப் பங்கிட்டால் கூலி குறையும். மூன்று, புறக்கோட்டை வர்த்தக சங்கங்களும் நமது சங்கங்களும் சேர்ந்து, பேலியகொடைப் பக்கம் லொறித் தரிப்பிடமும், புறக்கோட்டைச் சாமானை அங்கே கொண்டுவந்து ஏற்றும் ஒழுங்கும் கேட்க வேண்டும். அவிழ்ந்த முடிச்சைத் திரும்பப் போட அது ஒரு வழி.

நமது வாசலையும் பாருங்கள். மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம முதல் குருநாகல் வரை 2022 ஜனவரியில் திறந்தாயிற்று. தடைப்பட்டிருந்த கடவத்தை–மீரிகமப் பகுதி வேலை 2025 செப்டம்பரில் மீண்டும் தொடங்கியது. கொழும்பை நுகேகொடை என்ன செய்ததோ, அதை அக்கரப்பத்தனையைத் தலவாக்கலையும் ஹட்டனும் செய்யும். தோட்டத்துப் பாதை நன்றானால் நமது வாடிக்கையாளர் பஸ் ஏறிப் போவார். பாதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பிரசவத்துக்குப் போகும் தாய்க்கும் அதே பாதைதான். பஸ் ஏறாமல் நமது கடையில் நிற்க வாடிக்கையாளருக்கு என்ன காரணம் இருக்கிறது என்பதை, தார் ஊற்றுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தன் கடைக்குள் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.