கால் ஆறும்வரை மனதுக்கு என்ன மருந்து?



நான் வைத்தியனுமல்ல, பெரிய படிப்புப் படித்தவனுமல்ல. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, இன்று பிளாட் புஷ்ஷில் குடியிருந்து தொழிற்சாலை வேலைக்குப் போய்வருபவன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் புதிதாக வந்த குடும்பம் ஒன்றுக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் அக்காவின் மகள் பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் விளையாடுபவள். ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்ட பிள்ளைக்குச் சிநேகிதிகளைத் தேடித் தந்ததே அந்தப் பந்துதான். போன வருடம் எகிறிப் பந்தைப் பிடித்து இறங்கியபோது முழங்கால் திரும்பிவிட்டது. உள்ளேயிருக்கும் இணைப்பு நார் அறுந்து, சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது.

செலவை நினைத்து அக்கா அழுதாள். ஆனால் இந்நாட்டில் 1974இல் தொடங்கிய ஏ.சி.சி. என்னும் விபத்து நட்டஈட்டுத் திட்டம் உண்டு. யார் பிழை என்று பாராமல், ஏற்றுக்கொண்ட காயத்தின் சிகிச்சைக்கு அது பணம் கொடுக்கிறது. சில இடங்களில் ஒரு பங்கை நாமும் கட்டவேண்டும். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் இலவசமாகவே ஒழுங்கு செய்வார்கள்.

காலுக்கு வழி பிறந்தது. மனதுக்கு? இப்படியான சத்திரசிகிச்சைக்குப் பின் மீண்டும் விளையாடக் குறைந்தது 9 மாதமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். "இனி நான் ஓடமாட்டன் மாமா" என்றாள். "பந்தை விட்டிட்டுப் படி" என்றாள் அக்கா. இருவரையும் பேசவைத்தது பயம்தான்.

அப்போதுதான் பிசியோ, 'மைன்ட்புல்னஸ்' பழகிப் பார்க்கச் சொன்னார். ஜோன் கபட்-சின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், வலியோடு வாழும் நோயாளருக்காகத் தொடங்கிய பயிற்சியிலிருந்து பரவியது இது. இதன் வேர் எங்கள் பக்கத்துத் தியானத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் கென்ற் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், காயமடைந்த 20 விளையாட்டு வீரர்கள் பங்குபற்றினார்கள். வழமையான சிகிச்சையோடு இதையும் பழகியவர்களுக்கு வலியைத் தாங்கும் சக்தி கூடியிருந்தது. ஆய்வு சிறியது. அறுந்த நாரை இது ஒட்டவும் மாட்டாது, பிசியோவுக்குப் பதிலாகவும் மாட்டாது.

செய்வது எளிது. கதிரையில் காலை வசதியாக வைத்து இருந்து, மூச்சு போய்வருவதைக் கவனிக்கவேண்டும். மனம் ஓடினால் அதை ஏசாமல் திருப்பிக் கொண்டுவரவேண்டும். வலி வந்தால், குத்துகிறதா, இழுக்கிறதா என்று பார்க்கவேண்டும். "எல்லாம் முடிந்தது" என்பது வலியல்ல, வலியின் மேல் நாம் ஏற்றும் எண்ணம். இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகுதான் பிள்ளை முழங்காலை மடக்கும் பயிற்சியை ஒழுங்காகச் செய்யத் தொடங்கினாள்.

வேலையால் வந்து நானும் அவளோடு பத்து நிமிடம் இருப்பேன். ஒருநாள் கண்ணை மூடியதும் 2009இல் பங்கருக்குள் கிடந்த இரவு வந்து நின்றது. நெஞ்சு படபடக்க எழும்பிவிட்டேன். யுத்தத்தைக் கண்டவர்களுக்கு இப்படி வரக்கூடும். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனியுங்கள். தாங்காவிட்டால் நிறுத்துங்கள். குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். 1737 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக அழைத்துப் பேசலாம்.

இன்னொன்று. சத்திரசிகிச்சைக்குப் பின் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயம் சிவந்தாலோ உடனே வைத்தியரைக் காணுங்கள். மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் 111ஐ அழையுங்கள். அதைப் பொறுத்துக்கொண்டிருப்பது பயிற்சியல்ல, ஆபத்து.

இப்போது பிள்ளை பின்னேரங்களில் பரி கேர்ட்டிஸ் பூங்காவில் நடக்கிறாள். மீண்டும் விளையாடுவாளா என்று இன்னும் சொல்லமுடியாது. அக்காவும் கூடவே நடக்கிறாள், பந்தை விடச் சொல்வதில்லை. பெற்றோரே, உங்கள் பிள்ளை காயப்பட்டு இருந்தால் புத்தி சொல்லுமுன் பத்து நிமிடம் பக்கத்தில் பேசாமல் இருந்து பாருங்கள். அதற்குக் காசும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்.