மன்னார் மணலில் வீட்டுத் தோட்டம்

வைகாசி பிறந்து சோளகக் காற்று எழுந்துவிட்டால், மன்னார்த் தீவிலே தோட்டம் வைத்திருப்போர் படும் பாடு சொல்லுந்தரமன்று. காலையிற் பெருக்கிய முற்றத்தை மாலையில் மணல் மூடிவிடும். நேற்று மலர்ந்த செவ்வரத்தையின் இலைநுனி இன்று கருகி நிற்கும். இங்கே ஆண்டு மழை 1000 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிற் பெய்து தீர்ந்துவிடுகிறது. கோடையில் வானத்தை நம்பிப் பயனில்லை, கிணற்றையே நம்பவேண்டும்.

அக்கிணற்றின் இயல்பை அறியாமல் நான் செய்த பிழையொன்றை முதலிற் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் நண்பரொருவர் வீட்டில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புற்றரையைக் கண்டு மயங்கினேன். 'மலேசியப் புல்' என விற்கப்படும் அகன்ற இலைப் புல்லைப் பாளம் பாளமாக வாங்கிவந்து, என் வளவில் 10 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமுமாகப் பதித்தேன். மாலைதோறும் நீர்ப்பம்பியை ஓடவிட்டு, நாற்காலியில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரும் இன்பமாயிருந்தது. ஆவணியில் ஒருநாள் அடுத்த வளவு ஆச்சி வேலியருகே வந்து, "மாஸ்ரர், உங்கட புல்லு எங்கட கிணத்தைக் குடிச்சுப்போட்டுது" என்றார். செம்பில் நீரும் நீட்டினார். வாயில் வைத்தேன், உவர்ப்பு. அவர் வீட்டில் அந்த நீரிலேதான் காலங்காலமாகச் சோறு ஆக்கினார்கள்.

காரணம் இதுதான். மணலில் இறங்கும் மழைநீர், கீழே பரந்துகிடக்கும் உவர்நீரிலும் பாரம் குறைந்தது. ஆதலின் அதன்மேல் ஒரு வில்லையைப் போல, நடுவிலே தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் மிதந்து நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபென் என்பவரும், 1901-இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க் என்பவரும் இதன் கணக்கைத் தனித்தனியே கண்டனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும். கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் மேல்மட்டம் ஓரடி இறங்கினால் நாளடைவில் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். விரைந்து இறைக்கும்போது கிணற்றுக்கு நேர்கீழே அது கூம்புபோல எழும்புகிறது. நீர் உவர்த்தால் கிணற்றை ஆழமாக்குவோம் என்று சிலர் முனைவதுண்டு. இத்தீவில் அது உவரைத் தேடிச்சென்று அழைப்பதாகும்.

என் புல்லின் கணக்கையும் பின்னர் போட்டுப் பார்த்தேன். கோடை வெயிலிலும் காற்றிலும் புற்றரை நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவு நீரை ஆவியாக்கும். 100 சதுர மீற்றருக்கு அது 500 லீற்றர். ஒருவரின் எல்லாத் தேவைகளுக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 லீற்றர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐவர் வாழும் குடும்பமொன்றின் நீரை என் புல் நாள்தோறும் பருகிவந்தது! துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த நம் பாட்டன்மாருக்குக் கை ஓயும். கிணறும் ஓய்வு பெறும். பம்பிக்குக் கைவலி தெரியாது.

பசும்புல் வேண்டுமென்று மனம் கேட்டால் அறுகையே வளருங்கள். கோடையில் அது பழுப்பாகும். அதுகண்டு வருந்தி நீர் பாய்ச்ச வேண்டியதில்லை. வேர்த்தண்டு மண்ணுள் உயிரோடிருந்து முதல் மழைக்குத் தழைக்கும். கோடை முழுவதும் அதை ஒட்ட வெட்டாதிருப்பது நன்று. மற்றைய இடம் வெண்மணல் முற்றமாகவே இருக்கட்டும். அதிகாலையில் ஈர்க்கு விளக்குமாற்றின் கோடு படிந்த மணல்முற்றத்துக்கு எந்தக் கம்பளமும் ஈடன்று என்பது என் எண்ணம்.

பூவும் காயும் வேண்டுவோர் சமையலறைக்கு அருகே சிறிய இடத்தைத் தெரிந்துகொள்க. பெருநிலத்தில் முருங்கன் பக்கத்துக் கருங்களி நீரைப் பிடித்துவைக்கும். நம் மணலோ ஊற்றிய கணத்தில் விட்டுவிடும். ஆகவே ஒன்றரை முழக் குழி வெட்டி, அடியிலே தேங்காய்ப் பொச்சுமட்டைகளைக் குழிந்த பக்கம் மேல்நோக்க அடுக்கி, பனையோலைத் துண்டுகளும் ஆட்டெருவும் இட்டு மூடி, அதன்மேல் நடவேண்டும். செடியைச் சுற்றி விரற்கிடை தடிப்புக்குச் சருகு பரப்புங்கள். பூச்சிடாத மண்முட்டி ஒன்றைச் செடியருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தால், நீர் மெல்லக் கசிந்து வேரை அடையும். 2000 ஆண்டுகளுக்கு முந்திய சீன வேளாண் நூலிலேயே இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது. முட்டியின்றி ஊற்றுவோர் காற்றடங்கிய மாலையில் வேரடியில் மட்டும் ஊற்றுக. இலைமேற் தெளித்தால் நீர் உலர்ந்து உப்புத் தங்கி இலை கருகும்.

காற்றைத் தடுக்க மதிலைவிட வேலியே மேல். மதிலில் மோதிய காற்று மேலேறி அப்பாற் சுழன்று விழும்; பனைமட்டை வேலியிலோ இடுக்குவழியே புகுந்து வேகம் தணியும். வேலியோரம் பூவரசந்தடிகளை மாரியில் ஊன்றிவிடலாம். வேலிக்கு வேறொரு தேவையும் உண்டு. நம் தெருக்களிற் சுற்றித்திரியும் கழுதைகள் ஓரிரவிலே ஒரு பருவத்து உழைப்பை மேய்ந்துவிட்டு, காலையில் ஒன்றுமறியாத முகத்தோடு நிற்கும்.

போஞ்சியும் தேசியும் உவருக்கு மிக அஞ்சுவன. அவற்றை விரும்பிப் பணத்தை இழக்கவேண்டாம். முருங்கை, நித்தியகல்யாணி, கடதாசிப்பூ ஆகியவை சிறிது நீரிலே பிழைத்துக்கொள்ளும். அலரி இவையெல்லாவற்றிலும் உரமுடையது. ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சாதலின் குழந்தைகளும் ஆடுகளும் உள்ள வீட்டுக்கு ஆகாது. பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பாருங்கள். ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொணர்ந்ததென்று கருதப்படும் அம்மரம், பருத்த அடியிலே நீரைச் சேமித்து, வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கிறது. அதற்கு எவரும் வாளி தூக்குவதில்லை.

என் மலேசியப் புல்லை அந்த ஆவணியிலேயே கிளறி எருக்குழியில் இட்டேன். இரண்டு மாரி பெய்த பின்னரே ஆச்சியின் கிணற்றுநீர் பழைய சுவைக்குத் திரும்பியது. அதுவரை அவ்வீட்டாருக்கு வேண்டிய குடிநீரைப் பொதுக்குழாயிற் பிடித்து, நாள்தோறும் காலையில் நானே சைக்கிளில் கொண்டுசென்று கொடுத்தேன்.