தீபாவளிப் பலகாரங்களும் பல் பாதுகாப்பும்

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே தமிழ்நாட்டு வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். அதிரசம், மைசூர்பாகு, லட்டு, ரவா உருண்டை, முறுக்கு, தட்டை எனப் பலகாரங்கள் டப்பாக்களில் நிறையும். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வரும் தட்டுகளையும் சேர்த்தால் அவை தீர இரண்டு வாரமாவது ஆகும். இந்த நாட்களில் பல் கெடுவதற்கு உண்ணும் இனிப்பின் அளவே காரணம் என்று பலரும் நினைக்கின்றனர். ஆனால் ஒரு நாளில் எத்தனை முறை உண்ணப்படுகிறது, உண்டது பல்லில் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பவையே அளவைவிட முக்கியமானவை.

பற்சொத்தை உருவாகும் விதம்

பல்லின் மேல் பிசுபிசுப்பான மெல்லிய படலம் ஒன்று எப்போதும் படிந்துகொண்டே இருக்கும். அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் உள்ளிட்ட பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை சர்க்கரையை நொதிக்கச் செய்து அமிலமாக மாற்றுகின்றன. வாயின் பி.எச். அளவு வழக்கமாக 7-ஐ ஒட்டி இருக்கும். அது சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் வெளியுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். சர்க்கரை பட்ட சில நிமிடங்களிலேயே இந்த இறக்கம் நிகழ்வதை ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940களில் அளந்து காட்டினார். பிறகு உமிழ்நீர் அமிலத்தின் கடுமையைக் குறைத்து, கரைந்த தாதுக்களில் ஒரு பகுதியை மீண்டும் படியவைக்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும்.

மதியச் சாப்பாட்டோடு இரண்டு லட்டு உண்பவரின் பற்கள் ஒரு முறைதான் இந்த அமிலத்தைச் சந்திக்கின்றன. அதே இரண்டு லட்டுகளைக் கிள்ளிக் கிள்ளிக் காலை முதல் இரவு வரை உண்பவரின் பற்களுக்கு மீள்வதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. கூடத்து மேசையில் திறந்தே இருக்கும் பலகார டப்பாவால் வரும் கேடு இதுதான்.

விபேஹோல்ம் ஆய்வு

இதை உலகுக்கு உறுதிப்படுத்திய ஆய்வு சுவீடனில் நடந்தது. லுண்ட் நகரில் அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கான விபேஹோல்ம் மருத்துவமனையில், 1945 முதல் 1953 வரை, அங்கு தங்கியிருந்தவர்களுக்குப் பல வடிவங்களில் சர்க்கரை கொடுக்கப்பட்டது. உணவோடு சேர்த்துச் சர்க்கரை பெற்றவர்களிடம், அது அதிகமாக இருந்தபோதும், சொத்தை சிறிதளவே கூடியது. உணவு வேளைகளுக்கு இடையே ஒட்டும் டாஃபி பெற்றவர்களிடம் அது வேகமாகப் பெருகியது. பங்கேற்றவர்களின் ஒப்புதல் பெறப்படவில்லை. பலரின் பற்கள் பாழாயின. அறநெறி மீறலுக்கு எடுத்துக்காட்டாக இன்றும் சொல்லப்படும் இந்த ஆய்வின் முடிவே பல் மருத்துவத்தின் அடிப்படைப் பாடங்களில் ஒன்றாகவும் இருக்கிறது. சுவீடனில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் தரும் வழக்கம் இதைத் தொடர்ந்தே பரவியது.

எந்தப் பலகாரம், என்ன பாதிப்பு

வெல்லப் பலகாரம் பல்லைக் கெடுக்காது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். பாக்டீரியாவுக்கு இரண்டும் ஒன்றே. அதிரசம், கமர்கட், தீபாவளி லேகியம் ஆகியவை கடைவாய்ப் பற்களின் பள்ளங்களில் அப்பிக்கொள்வதால் கூடுதல் கவனம் தேவை. குலாப் ஜாமூனின் பாகு உமிழ்நீரில் ஓரளவு சீக்கிரம் கரைந்துவிடும். முறுக்கும் மிக்சரும் காரம் என்பதால் பாதுகாப்பானவை அல்ல. அவற்றின் மாவு பல் இடுக்கில் தங்கி, உமிழ்நீரின் நொதியால் சர்க்கரையாகச் சிதைகிறது. பொருள்விளங்கா உருண்டையின் ஆபத்து வேறு வகை: அடைத்த பல்லோ வேர் சிகிச்சை செய்த பல்லோ இருப்பவர்கள் அதைக் கடிக்காமல் உடைத்துத் தின்பது நல்லது.

பண்டிகை நாளில் பல் துலக்குதல்

தீபாவளியன்று விடியுமுன்பே எழுந்து பல் துலக்கி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் உண்டு, பலகாரத்தைத் தொடங்குவது வழக்கம். பல வீடுகளில் அடுத்த துலக்கல் மறுநாள் காலையில்தான். இடையில் ஏறக்குறைய 24 மணி நேரம் கடந்துவிடுகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும் என்பதால், இரவில் வாயில் தங்கும் இனிப்பே அதிகம் கெடுக்கிறது. ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால், படுக்குமுன் துலக்குவதையே தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு முறை இனிப்பு உண்டபின்னும் தண்ணீரால் வாய் கொப்பளித்தாலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போய்விடும். குளிர்பானம், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பானவற்றைக் குடித்திருந்தால், அரை மணி நேரம் கழித்தே துலக்க வேண்டும். அமிலத்தால் இளகிய எனாமல் உடனே தேய்த்தால் தேயும். குறைந்தது 1,000 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ள பற்பசை ஏற்றது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதும். துலக்கியபின் துப்பினால் போதும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவிப்போகும். தருமபுரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில், குழந்தைக்கு எந்தப் பற்பசை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். செங்கல் பொடி, கரித்தூள் ஆகியவை எனாமலை அரிக்கும்.

விழப்போகும் பால்பல்தானே என்று விட்டுவிடுவதும் தவறு. பால்பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் சொத்தை விரைவில் உள்ளே இறங்கும். சீழ் பிடித்தால் அடியில் வளரும் நிரந்தரப் பல்லும் பாதிக்கப்படலாம்.

தொடக்கத்தில் சொத்தை கறுப்பாகத் தெரியாது. சுண்ணாம்பு தடவியது போன்ற வெள்ளைப் புள்ளியாகவே தோன்றும். இந்த நிலையில் ஃபுளோரைடு சிகிச்சையால் அதை நிறுத்தலாம், சில வேளை மீட்கவும் செய்யலாம். குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். கிராம்புத் தைலம் வலியைச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யுமே தவிர, சொத்தையைக் குணப்படுத்தாது. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், பண்டிகை விடுமுறை முடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.