ஒரு நாளில் ஒரு நகரம்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர் இல்லங்களில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் நிகழும் வைபவம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து உறவினர் வருவர். அவர்கள் கொணர்ந்த அப்பளக்கட்டும் நார்த்தங்காய் ஊறுகாயும் சமையலறைக்குப் போய்ச் சேருமுன்னரே, “நாளைக்கு எங்கே அழைத்துப் போகப் போகிறீர்கள்?” என்ற கேள்வி எழுந்துவிடும். அந்தக் கணத்திலேயே நாம் ஊர் காட்டும் வழிகாட்டி என்ற பதவிக்கு உயர்த்தப்படுகிறோம். அப்பதவிக்குரிய தகுதி நம்மிடம் உண்டா என்பதை ஒருவரும் வினவுவதில்லை; நாமும் வினவிக் கொள்வதில்லை.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியை நம்பி டில்லியில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கும் எங்கள் குடும்பமும் இதற்கு விலக்கன்று. வந்தவர்களுக்கு ஊர் காட்ட நாங்கள் அறிந்திருந்த முறைகள் இரண்டே. ஒன்று, காலையில் புறப்பட்டு மாலைக்குள் ஏழெட்டு இடங்களைக் காட்டி முடிக்கும் சுற்றுலாப் பேருந்து. அதில் சென்றவர்களுக்குப் பார்த்த நேரத்தைவிட ஏறி இறங்கிய நேரமே மிகுதியாக இருக்கும். மற்றொன்று, வாயிலில் நம்மை எதிர்கொண்டு, அழையாமலே உடன் வரத் தொடங்கும் ஒருவரை அமர்த்திக் கொள்வது. ஒரு சமயம் அவ்வாறு வந்தவர், கோட்டையின் அடியிலிருந்து ஆக்ரா வரையில் சுரங்கப்பாதை செல்வதாகச் சொல்லி எங்களை வியப்பில் ஆழ்த்தினார். “அவ்வளவு தூரச் சுரங்கத்துக்குள் காற்று எப்படி வரும்?” என்று குழந்தைகள் கேட்கவே, அவர் எங்களை ஒரு கம்பளக் கடைக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

சென்ற மாசி மாதத்தில், தென்காசியை அடுத்த செங்கோட்டையிலிருந்து எங்கள் தாய்மாமன் வந்திருந்தார். தபால் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது, முழங்காலில் வலி. “எனக்கு ஏழெட்டு இடமெல்லாம் வேண்டாம். உங்கள் ஊர்ச் செங்கோட்டையை மாத்திரம் நிதானமாகப் பார்த்தால் போதும்” என்றார். அதன் காரணத்தை அவர் சொல்லவில்லை. “கோட்டை வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது?” என்று மட்டும் சாப்பிடும்போது கேட்டார். அதன் வழியே நூற்றுக்கணக்கான தடவை பேருந்தில் சென்றிருந்தும், எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அன்றிரவே ஒரு நாளைக்குத் தனி வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்து கொள்வதென்று முடிவு செய்தோம்.

இத்தகைய ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, உரிமம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் படத்துடன் கூடிய அடையாள அட்டை வைத்திருப்பர். அதைப் பார்க்கக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. இரண்டாவது, முன்பேச்சு. எத்தனை மணி நேரம், எந்த மொழி, கட்டணம் எவ்வளவு, நுழைவுச் சீட்டும் வண்டிக் கூலியும் அதில் அடங்குமா என்பவற்றை முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும். மூன்றாவது, கடைகள். அழைத்து வருபவருக்குத் தரகு கொடுக்கும் கடைகள் எல்லாச் சுற்றுலா நகரங்களிலும் உண்டு. “நாங்கள் கேட்டாலன்றிக் கடைக்குச் செல்ல வேண்டாம்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அரை நாள் மிச்சமாகும். நான்காவது, நாள். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சாந்தினி சவுக் கடைகள் பல ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. ஆகஸ்டு 15-ஐ ஒட்டிய நாட்களில் கோட்டைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. இவற்றையெல்லாம் எண்ணி ஒரு புதன்கிழமையைத் தேர்ந்து கொண்டோம்.

வழிகாட்டியாக வாய்த்தவர் பழைய டில்லியிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அம்மையார், சரித்திரத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். தொலைபேசியில் அவர் எங்களிடம் கேட்ட முதற்கேள்வி, “வருகிற பெரியவர் எதைத் தேடி வருகிறார்?” என்பது. நாங்கள் மாமாவின் விருப்பத்தைச் சொன்னோம். “அப்படியானால் கோட்டையைக் கடைசியில் பார்ப்போம். ஊரைத் தெரிந்துகொள்ளாமல் கோட்டைக்குள் போனால் அது வெறும் சுவராகத்தான் தெரியும்” என்றார். தனி வழிகாட்டியால் விளையும் பயன் இன்னதென்பது எங்களுக்கு அப்போதே புரியத் தொடங்கியது. வருபவருக்கு ஏற்ப நாளையே மாற்றியமைக்கப் பேருந்தால் இயலாது.

வெயில் ஏறுமுன் ஜும்மா மசூதியில் தொடங்கினோம். நண்பகல் தொழுகை வேளையில் பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள், படிகளும் மிகுதி. ஆகையால் காலை வேளையே ஏற்றது. சிறு குன்றின்மீது எழுப்பப்பட்ட இம்மசூதி 1656-இல் நிறைவுற்றது. அதன் கிழக்கு வாயிலில் நின்றபடி அம்மையார் நகரின் அமைப்பை விளக்கினார். ஷாஜஹான் சக்கரவர்த்தி ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றக் கருதி, 1639-ஆம் ஆண்டில் யமுனைக் கரையில் கோட்டைக்கு அடிகோலினார். 1648-இல் அது நிறைவுற்றது. கோட்டையின் மேற்கு வாசலிலிருந்து நேர்க்கோடாக ஒரு பெருவீதி சென்று பதேப்பூரி மசூதியில் முடிகிறது. வீதியின் இருபுறமும் மதில் சூழ்ந்த நகரம், பெயர் ஷாஜஹானாபாத். நாங்கள் இதைத் தமிழில் சொன்னதும், “நம் ஊர்ச் சந்நிதித் தெருவைப் போலத்தான்” என்றார் மாமா. பிறகு எங்களைப் பார்த்து, “மேற்குப் பார்த்த வாசல்” என்று சொல்லிச் சிரித்தார்.

சைக்கிள் ரிக்ஷாவில் பதேப்பூரிக்குச் சென்று, அங்கிருந்து கோட்டையை நோக்கி வீதியில் திரும்பி வந்தோம். 2021-இல் சீரமைக்கப்பட்ட பிறகு சாந்தினி சவுக்கில் பகல் நேரத்தில் மோட்டார் வண்டிகள் ஓடத் தடை இருக்கிறது. முதியவர்களுக்கு இது பெரும் உதவி.

பதேப்பூரியை அடுத்தது காரி பாவலி. உவர்நீர்ப் படிக்கிணறு என்பது அப்பெயரின் பொருள். இன்று கிணற்றைக் காணோம். மளிகைச் சரக்கின் பெருஞ்சந்தை மட்டும் இருக்கிறது. மிளகாய் மூட்டைகளின் நெடியில் நாங்கள் எல்லோரும் தும்மிக் கொண்டிருந்தபோது, மாமா ஒரு கடைவாயிலில் நின்று ஏலக்காயை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து, “இது நம் மலைப்பக்கத்துச் சரக்கு” என்றார். கடைக்காரரும் தலையசைத்து, கேரளத்திலிருந்து வந்தது என்றார். வட்டார மக்களோடு நமக்கு முன்பே கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது என்பதை அச்சந்தை எங்களுக்கு உணர்த்தியது.

சாந்தினி சவுக் என்ற பெயரை “நிலவுச் சதுக்கம்” எனலாம். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம் அமைத்த கடைவீதி இது. நடுவே கால்வாய் ஓடியது. சதுக்கத்தின் நடுவில் குளம் ஒன்றிருந்தது. குளத்தில் நிலவொளி விழுந்தமையால் சதுக்கத்துக்கு வந்த பெயர் பின்னர் வீதி முழுவதற்கும் ஆகிவிட்டது என்பர். இவ்வொரே வீதியில் சீக்கியர், முஸ்லிம்கள், சமணர், இந்துக்கள், கிறிஸ்தவர் ஆகிய அனைவரின் வழிபாட்டிடங்களும் உள்ளன. 1675-இல் குரு தேக் பகதூர் உயிர் துறந்த இடத்தில் சீஸ்கஞ்ச் குருத்வாரா நிற்கிறது. அருகே பொன்னிறக் குவிமாடங்களுடன் விளங்கும் சிறு மசூதி, 1739-இல் நாதிர் ஷா அமர்ந்து நகரத்தாரைக் கொன்று குவிக்க ஆணையிட்ட இடம். மயிலாசனத்தை அவன் அப்போதுதான் கொண்டுபோனான். கோட்டைக்கு எதிரில் உள்ள சமணக் கோயிலில் பறவைகளுக்கென ஒரு மருத்துவமனை நடக்கிறது.

அம்மையாரின் விளக்கத்தில் நாங்கள் கண்ட சிறப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். “இது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, இது மக்கள் சொல்வது” என்று ஒவ்வொன்றையும் பிரித்தே சொன்னார். கோட்டை வாயிலை மறைத்து நிற்கும் முன்மதிலை ஔரங்கசீப் கட்டினார் என்பது சரித்திரம். சிறையிலிருந்த ஷாஜஹான் அதைக் கேள்வியுற்று, மணப்பெண்ணின் முகத்துக்கு மகன் திரையிட்டுவிட்டான் என வருந்தினாராம் என்பது கதை. கதையை விட்டுவிடவும் வேண்டாம், சரித்திரமென்று நம்பிவிடவும் வேண்டாம் என்றார். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர்க்கு இதைவிட நல்ல உரைகல் இல்லை. “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நல்ல வழிகாட்டி அக்கேள்வியால் மகிழ்வார்.

பிற்பகலில் கோட்டைக்குள் நுழைந்தோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டிருந்தும், அங்குள்ள பெயர்களுக்கு அன்றுவரை நாங்கள் பொருள் தேடியதில்லை. நௌபத் கானா என்பது நம் கோயில்களின் நகரா மண்டபத்தை ஒத்தது; வேளைதோறும் வாத்தியங்கள் முழங்கிய இடம். திவானி ஆம், பொதுமக்களுக்குப் பேட்டியளித்த கொலுமண்டபம். திவானி காஸ், அந்தரங்க ஆலோசனை மண்டபம். மயிலாசனம் இருந்ததும் அதில்தான். கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா ஸபர் 1858-இல் அதே மண்டபத்தில் ஆங்கிலேயரால் விசாரிக்கப்பட்டார். ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862-இல் அங்கேயே காலமானார். 1857-க்குப் பின்னர் கோட்டைக்குள்ளிருந்த மாளிகைகளில் பெரும்பாலானவற்றை இடித்து, ஆங்கிலேயர் படைவீடுகள் கட்டினர்.

அந்தப் படைவீடுகளின் பக்கம் நடக்கையில், “ரங்கூனை மறந்துவிடாதீர்கள்” என்றார் அம்மையார். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் அங்கே பகதூர் ஷாவின் சமாதியில் அஞ்சலி செலுத்தினார். “டில்லி சலோ” என்று முழங்கிய அவரது இந்திய தேசிய ராணுவத்தின் இலக்கு இக்கோட்டைதான். அப்படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து திரளாகச் சேர்ந்தவர்கள் தமிழர்கள். கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணி படையிலும் மலாயாத் தமிழ்ப் பெண்களே மிகுதி. போர் தோல்வியில் முடிந்தது. கோட்டைக்கு அவர்கள் கைதிகளாக வந்தார்கள். ஷா நவாஸ் கான், பிரேம் சஹகல், குருபக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகள்மீது 1945 நவம்பர் 5-இல் இங்கே ராணுவ விசாரணை தொடங்கியது. புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். நேருவும் வழக்கறிஞர் அங்கியை மீண்டும் அணிந்து வந்தார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டும், நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பைக் கண்டு, 1946 ஜனவரித் தொடக்கத்தில் தலைமைத் தளபதி அதை ரத்து செய்ய, மூவரும் விடுதலையாயினர்.

மாமா அங்கிருந்த மேடையொன்றில் அமர்ந்துவிட்டார். முழங்கால் வலி என்றே நாங்கள் நினைத்தோம்.

“உங்கள் தாத்தா இந்தப் படையில் இருந்தார்” என்றார்.

எங்கள் தாய்வழிப் பாட்டனார் மலாயாவில் தோட்டக் கிராணியாக இருந்தவர் என்பதை அறிவோம். அதற்குமேல் எவரும் சொன்னதில்லை. மாமா மேலும் சொன்னார்: “அவர் அதைப்பற்றிப் பேசவே மாட்டார். ‘செங்கோட்டையில் எங்களுக்காக ஒரு வழக்கு நடந்தது’ என்று எப்போதாவது சொல்வார். சிறுவனாகிய நான் அது நம் ஊர்ச் செங்கோட்டை என்றே நினைத்தேன். எந்தக் கட்டடத்தில் நடந்தது என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். உண்மை தெரிந்தபோது அவர் இல்லை. சாவதற்குள் அந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன்.”

நாங்கள் அதை அம்மையாருக்கு இந்தியில் சொன்னோம். பதினெட்டு ஆண்டுகளில் எத்தனையோ கோப்புகளை மொழிபெயர்த்திருக்கிறோம்; அவ்வளவு தடுமாறியதில்லை. அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “பாபுஜி, அருங்காட்சியகத்துக்குள் உங்கள் தந்தையாரின் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். சேர்ந்தவர் எல்லோருடைய பெயரும் சுவரில் இல்லை. ஆனால் அவர் சொன்னது சரி. விசாரிக்கப்பட்டவர்கள் மூவர், வழக்கு அந்தப் படை முழுவதற்கும் உரியது” என்றார். பின்னர் 2019-இல் திறக்கப்பட்ட நேதாஜி அருங்காட்சியகத்துக்குள் அழைத்துச் சென்றார். அங்குள்ள சீருடைகளின் முன் மாமா நெடுநேரம் நின்றார். அம்மையார் அவரை அவசரப்படுத்தவில்லை. வெளியே வந்ததும் மாமா அவரைக் கைகூப்பி வணங்கி, “நல்லாயிரும்மா” என்றார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

எங்கள் பாட்டனாரின் வழக்கு நடந்த கோட்டையைப் பதினெட்டு ஆண்டுகளாக நாங்கள் அஞ்சலட்டைப் படமாகவே பார்த்து வந்திருக்கிறோம். இதைச் சொல்லிக் கொள்ள வெட்கமாயிருக்கிறது. எனினும் பிற மாநிலத் தமிழர் பலருக்கும் இது பொருந்தும் என்பதால் சொல்கிறோம். குடியேறிய ஊரை அலுவலகமும் குடியிருப்பும் காய்கறிச் சந்தையும் கொண்ட முக்கோணமாகவே நாம் அறிகிறோம். மற்றவை ஊரார் சொத்து என எண்ணி விலகி நிற்கிறோம். வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்பதில்லை, ஊரையும் கேட்பதில்லை.

ஆதலின் நேயர்களுக்கு எங்கள் விண்ணப்பம் இதுவே. விருந்தினர் வரும்வரை காத்திராமல், ஆண்டில் ஒரு நாளை உங்கள் ஊருக்கென ஒதுக்குங்கள். ஆமதாபாத்தில் வாழ்வோர்க்கு 1997 முதல் மாநகராட்சியே நடத்திவரும் பழைய நகர நடைப்பயணம் இருக்கிறது. ஹைதராபாத்தில் இருப்போர் 1591-இல் எழுந்த சார்மினாரிலிருந்து தொடங்கலாம். பல இடங்கள் வேண்டா. ஒரு வீதி போதும். நன்கறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வீட்டு முதியவர் எவரேனும் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் எதைத் தேடுகிறார் என்று புறப்படுமுன் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறினோம், வழிகாட்டி கேட்டார்.