பொழியூர்: ஒரே கரை, இரு மாநிலம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நம்மவர் பலரும் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பாறசாலையை அடுத்துக் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையை விட்டுக் கடற்பக்கம் திரும்பினால், இதே எல்லை கடலைத் தொடும் பொழியூரை அடையலாம். விடுமுறை நாளொன்றில் குடும்பத்தோடு சென்று வர ஏற்ற ஊர்.

வழியில்

பயணத்தை நெய்யாற்றின்கரையில் தொடங்குவது நல்லது. இங்குள்ள கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சி பிலாவு' என்னும் பழைய பலாவின் அடிமரத்தைக் காத்து வருகிறார்கள். எட்டு வீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய இளவரசர் மார்த்தாண்ட வர்மா இதன் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. பின்னர் 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்றவர் இவரே. அருகில், நெய்யாற்றங்கரையிலேயே, 1888இல் ஸ்ரீ நாராயண குரு சிவனைப் பிரதிட்டை செய்த அருவிப்புறமும் உள்ளது.

நெய்யாறு பூவாற்றில் கடலோடு கலக்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு. அது உடைந்து நீர் வழியும் இடத்துக்குப் 'பொழி' என்று பெயர். குமரித் தமிழிலும் மலையாளத்திலும் இதே சொல்தான். பூவாற்றில் படகுச் சவாரி உண்டு. இங்கிருந்து தெற்கே, 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் செல்கிறது. கன்னியாகுமரி வரை படகு ஓட வேண்டும் என்பது நோக்கம். அது நிறைவேறவில்லை, இன்று பல இடங்களில் கால்வாய் தூர்ந்து கிடக்கிறது.

கோடு விழுந்த கதை

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே பொழியூர் கேரளம். அடுத்துள்ள நீரோடி தமிழ்நாடு.

கரையில் நிற்பவருக்கு இந்தப் பிரிவு கண்ணில் படாது. இருபுறமும் அதே வள்ளம், அதே வலை. பேச்சிலும் தமிழும் மலையாளமும் பின்னிக் கிடக்கும். திருச்சபையும் இந்தக் கோட்டைப் பின்பற்றவில்லை. நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள தூத்தூர் வட்டாரப் பங்குகள் தமிழ்நாட்டில் இருந்தாலும், கோட்டாறு மறைமாவட்டத்தில் அடங்காமல் திருவனந்தபுரம் லத்தீன் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை.

துயரமும் அப்படியே. 2017 நவம்பர் 30இல் வீசிய ஒக்கிப் புயல் பொழியூரிலும் தூத்தூர் வட்டாரத்திலும் பலரைக் கொண்டுபோயிற்று. காணாமற்போனோர் பட்டியலை மட்டும் இரு அரசுகளும் தனித்தனியே தயாரித்தன.

கரையும் கரை

இப்போது இவ்வூர்களின் பெருங்கவலை கடலரிப்பு. பொழியூர்ப் பகுதியில் வீடுகளும் சாலையும் கடலில் போயின. இதன் காரணத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கரையோர மணல் அலையோடு ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். கடலுக்குள் கல்லை நீட்டிப் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும். மறுபக்கம் வரத்து நின்று கரை தேயும். இதற்குக் குமரியில் தூண்டில் வளைவு என்றும் கேரளத்தில் புலிமுட்டு என்றும் பெயர். ஓர் ஊரைக் காக்கப் போட்ட கல் அடுத்த ஊரை அரிக்கலாம். தெற்கே தமிழ்நாட்டுக் கரையில் போட்ட கற்களே தங்கள் கரையை அரிப்பதாகப் பொழியூரார் குறைப்படுகிறார்கள். தங்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பது நீரோடியார் கோரிக்கை. இரண்டும் நியாயமே. மணலுக்கு மாநிலம் தெரியாது. ஆகவே இரு அரசுகளும் ஒன்றாக அமர்ந்து முழுக் கரைக்கும் சேர்த்துத் திட்டமிடுவதே வழி.

செல்பவர்களுக்கு

நெய்யாற்றின்கரை, பாறசாலை, பூவாறு மூன்று ஊர்களிலும் அரசுப் பேருந்துப் பணிமனைகள் உண்டு. காலையில் சென்றால் வள்ளங்கள் கரைசேர்வதைக் காணலாம். பொழிமுகத்தில் நீரோட்டம் வலியது. குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள். கரையில் வலை பின்னுவோரிடம் தமிழிலேயே பேசிப் பாருங்கள். எத்தனை அடி கரை போயிற்று என்பதை அவர்களே காட்டுவார்கள்.